ஓங்கோலிலிருந்து வந்த புறா

புறா வந்துவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபத்திரண்டுக்கு அது வடக்கிலிருந்து தாழ்வாகப் பறந்து வந்து, வேதமுத்துவின் மொட்டைமாடியை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வீட்டு ராகவனின் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தது. இடது இறக்கையை அலகால் ஒருமுறை நீவிக்கொண்டது. பிறகு அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்தபடி சும்மா இருந்தது.

வேதமுத்து கையில் துடைப்பத்தோடு நின்றார். அவர் அதைப் பத்தரைக்குத்தான் எதிர்பார்த்திருந்தார்.

ஓங்கோலிலிருந்து அயனம்பாக்கத்துக்கு ஆகாய வழியில் இருநூற்று எழுபது கிலோமீட்டர். காலை ஆறரைக்குத் திறந்துவிட்டால், நல்ல புறா வந்து சேரப் பத்தரை மணியாவது ஆகும். போன வருஷம் முதல் பரிசு வாங்கிய புறா பத்து முப்பத்து நாலுக்கு வந்தது. அதையே கிளப்பில் ஒரு மாதம் பேசினார்கள். வேதமுத்து அம்பத்தூர் எஸ்டேட்டில் பேரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுகிறவர். மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். மணிக்குத் தொண்ணூற்று நாலு கிலோமீட்டர் வந்தது. தப்பாக இருக்குமோ என்று மறுபடி வகுத்தார். மறுபடியும் தொண்ணூற்று நாலுதான்.

வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது என்று முடிவு செய்தார்.

“செல்வி,” என்று மாடிப்படிப் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கூப்பிட்டார். “செல்வி, வந்துட்டான்.”

“யாரு?”

“அறுநூத்திப் பன்னெண்டு.”

அது புறாவின் கால் வளையத்தில் இருக்கும் எண். குஞ்சாக இருந்தபோது ஏழாம் நாள் மாட்டிய வளையம். வேதமுத்து புறாக்களுக்குப் பேர் வைப்பதில்லை. பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் அளவு தப்பிப் போகும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி அருள்செல்வி, முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்த புடவையோடு, கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு மேலே வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“அங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீது?”

“தெர்ல.”

“அப்ப ஜெயிச்சிட்டீங்களா, இல்லியா?”

பந்தயத்தில் புறா வந்தால் போதாது. கூண்டுக்குள் நுழைய வேண்டும். போட்டிக்கு அனுப்பும் முன் கிளப்பில் அதன் காலில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி, கிளப் சீல் வைத்துக் கொடுத்த கடிகாரப் பெட்டிக்குள் போட்டு அமுக்கினால்தான் நேரம் பதிவாகும். அதுவரை அது ஊரில் பறக்கிற இன்னொரு பறவை. பத்து முப்பத்து நாலைத் தாண்டினால் மற்றவர்களின் புறாக்களும் வரத் தொடங்கிவிடும்.

அந்த மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு அறை. அதற்குள் முப்பத்தோரு புறாக்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து கூட்டிப் பெருக்கி, பூண்டு நசுக்கிப் போட்ட தண்ணீர் வைத்து, கம்பும் சோளமும் பச்சைப்பயறும் அளந்து போட்டு, அவற்றை ஒரு மணி நேரம் பறக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் வேதமுத்து வேலைக்குப் போவார். பந்தயக் காலம் வந்தால் கூடையில் வைத்துக்கொண்டுபோய், முதலில் திருமுல்லைவாயிலில் திறந்துவிடுவார், அடுத்து கும்மிடிப்பூண்டியில், அப்புறம் சூளூர்பேட்டையில். இருபத்தாறு வருஷமாக இப்படி. ஒரு முறைகூட முதல் பரிசு வாங்கியதில்லை.

அருள்செல்விக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு. வானகரத்து அடுக்குமாடிப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை தைக்கிறாள். இரண்டு மிஷினும் ஹாலில் கிடந்தன. துணிகள் கட்டிலில் படுத்தன, வேதமுத்து பாயில் படுத்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மூன்று சீசன். அதற்குள் ஒரு முறை ஜெயித்தால் அவள் கூண்டைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். ஜெயிக்காவிட்டால் கூண்டைப் பிரித்துவிட்டுத் தையல் அறை. போதகர் இரண்டு பேருக்காகவும் சேர்த்து ஜெபித்துவிட்டுப் போனார்.

இன்று மூன்றாவது சீசனின் கடைசிப் பந்தயம்.

வேதமுத்து துடைப்பத்தைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். போன வருஷக் கடைசிப் பந்தயத்தில், புறா பலகையில் வந்து இறங்கிய அதே நொடியில் அருள்செல்வியின் தம்பி ஆவடியிலிருந்து போன் செய்தான். அவள் போனில் கீர்த்தனை முழங்கியது. புறா எழும்பிப் போய்ப் பதினேழு நிமிஷம் இறங்கவில்லை. மூன்றாம் இடம். அதிலிருந்து பந்தய நாளில் விடிவதற்கு முன்பே வீட்டிலுள்ள எல்லாப் போனையும் அணைத்துவிடுவது வழக்கமாயிற்று. காலிங் பெல்லின் பியூஸையும் பிடுங்கிவிடுவார்.

முதலில் தீனி டப்பாவை எடுத்தார். பழைய பால்பவுடர் டப்பா, உள்ளே கம்பு. மெல்ல ஆட்டினார். அந்தச் சத்தத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்தாலும் வரும்.

அறுநூற்றுப் பன்னிரண்டு ஒரு கண்ணால் டப்பாவைப் பார்த்தது. பிறகு மறுபடி ஏரியைப் பார்த்தது.

மற்றபடி எல்லாப் புறாவும் வந்தன. பந்தயத்துக்குப் போகாத பதினாறு இளம் புறாக்கள் கூண்டிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, கம்பிக் கதவுக்கு முன்னால் இருக்கும் பலகையில் தோளோடு தோள் உரச நின்றன. இனி அறுநூற்றுப் பன்னிரண்டே மனம் மாறி வந்தாலும் இறங்க இடமில்லை. வேதமுத்து அவற்றை உள்ளே தள்ளப் பார்த்தார். பதினாறும் ஒரே சமயத்தில் படபடவென்று எழும்பின. அந்தச் சத்தத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு தொட்டியின் ஓரத்திலிருந்து நடுமூடிக்கு நகர்ந்துகொண்டது.

“பசியே இல்லியாட்டம் கீது,” என்றாள் அருள்செல்வி.

“நல்ல ஜாதிப் புறா. எவ்ளோ தூரம் பறந்தாலும் காட்டிக்காது. பாரு, ஒரு றெக்கை கலைஞ்சிருக்கா?”

உண்மையிலேயே ஒன்றுகூடக் கலையவில்லை.

ஒன்பது நாற்பது. இளம் புறாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே போட்டு முடித்தார். அடுத்ததாக ஜோடியை எடுத்து வர வேண்டியதுதான் என்று தீர்மானித்தார்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆணையும் பெட்டையையும் பிரித்துவிடுவார். அனுப்புகிற அன்று பத்து நிமிஷம் மட்டும் பெட்டையைக் கண்ணில் காட்டுவார். அந்த நினைப்பிலேயே ஆண் வேகமாக வீடு திரும்பும் என்பது கணக்கு. இப்போது அந்தப் பெட்டையைக் கூண்டிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, தொட்டிக்கு நேரே உயர்த்திக் காட்டினார். பூசை வைக்கிற சாமியார் மாதிரி அசையாமல் நின்றார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு முதல் முறையாக அக்கறை காட்டியது. கழுத்தை நீட்டியது. வேதமுத்து மூச்சை அடக்கினார்.

பெட்டை அவர் கட்டைவிரலுக்கு மேலே ஒரு கொத்துக் கொத்திவிட்டு, நழுவி, நேரே தொட்டிக்குப் பறந்துபோய் அறுநூற்றுப் பன்னிரண்டின் பக்கத்தில் உட்கார்ந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு தொண்டையை உப்பிக்கொண்டு, வாலை விரித்து, மூடி மேல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. இனி அது வீட்டுக்கு வர வேண்டிய காரணம் எதுவுமே பாக்கியில்லை.

“இப்ப ரெண்டாச்சு,” என்றாள் அருள்செல்வி.

“தெரியுது.”

“ராணிகிட்ட சொல்லட்டா? மெதுவா ஓட்டி வுட சொல்றேன்.”

வேதமுத்து தயங்கினார். ராணி, ராகவனின் மனைவி. பெண்கள் இருவரும் மதில் மேல் கை ஊன்றி நாள்தோறும் பேசிக்கொள்கிறவர்கள். ராணியின் ரவிக்கை அளவு அருள்செல்விக்கு மனப்பாடம். ஆனால் ஆண்கள் இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ராகவன் மாடியில் சூரிய ஒளி வெந்நீர்க் கருவி வைத்தபோது, புறா எச்சம் படாமலிருக்க அதைச் சுற்றிப் பழைய சி.டி. தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அவற்றின் பளபளப்பில் புறாக்கள் மிரண்டு இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வேதமுத்து போய் எல்லாவற்றையும் அறுத்துப் போட்டுவிட்டார். தெருவில் பெரிய வாக்குவாதம். அன்றோடு சரி.

“சொல்லு,” என்றார். “ஆனா கை தட்டக் கூடாது. சூ சொல்லக் கூடாது. சும்மா மேல வந்து நின்னா போதும்.”

அருள்செல்வி மதிலோரம் போய்ச் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் ராணி தங்கள் மாடிக்கு வந்தாள். கை தட்டவில்லை, சூ சொல்லவில்லை. ஒரு கிண்ணம் அரிசியைத் தரையில் பரப்பிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். இரண்டு புறாவும் இறங்கி வந்து அரிசியை நிதானமாகத் தின்றன.

“செல்விக்கா, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு, பசிக்கும்ல. அதான்,” என்றாள் ராணி.

வேதமுத்து கண்ணை மூடிக்கொண்டார். வயிறு காலியாக இருந்தால்தான் புறா டப்பாவுக்கு வரும். அதற்காகவே நான்கு நாளாகத் தீனியைக் கிராம் கணக்கில் அளந்திருந்தார். இப்போது இரண்டும் வயிறு நிறையப் பொன்னி அரிசி தின்றுவிட்டு, பக்கத்திலிருந்த வாளியில் தண்ணீரும் குடித்துவிட்டு, மறுபடி தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தன. பெட்டை கண்ணைச் சொருகியது. தூங்கப் போகிறது.

பத்து மணி.

“நீங்களே போங்க,” என்றாள் அருள்செல்வி. “போயி அந்தாளாண்ட கேளுங்க.”

“இன்னான்னு கேக்குறது?”

“மேல ஏறணும்னு கேளுங்க. வேற இன்னா கேப்பாங்க.”

வேதமுத்து கீழே இறங்கினார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டார். மூன்று வருஷமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன இரும்புக் கதவைத் திறந்து, மணியை அமுக்கினார்.

ராகவன் அரைக்கால் சட்டையோடு வந்து கதவைத் திறந்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து போரூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், நாற்பது வயது. வாசலில் யார் நிற்பது என்று புரிந்ததும் முகம் இறுகியது.

“சொல்லுங்க சார்.”

“உங்க தொட்டி மேல என் புறா கீது.”

“தெரியும் சார். மூணு வருஷமா இருக்கு.”

“இது வேற. இது ஓங்கோல்லேருந்து வந்துகீது. பந்தயம். போன வருஷம் ஜெயிச்சது பத்து முப்பத்து நாலுக்கு, அதுக்குள்ள கூண்டுக்குப் போவணும். உங்க மாடிக்கு வரணும் நான்.”

ராகவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். “வரலாம் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நான் இத்தனை நாளு பேசாம இருந்தது நீங்க சி.டி.யை அறுத்ததுக்குன்னு நெனச்சீங்களா?”

“ஆமா. வேற இன்னா?”

“அன்னைக்குத் தெருவுல நின்னுகிட்டு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

வேதமுத்து யோசித்தார். நிஜமாகவே ஞாபகமில்லை.

“‘எங்கிருந்தோ நேத்து வந்தவனுங்கள்லாம் எனக்குச் சொல்லத் தேவயில்ல’ன்னு சொன்னீங்க. எம் பொண்ணு பக்கத்துலதான் நின்னா. அவ பொறந்ததே இந்த வீட்டுலதான் சார். உள்ள வந்து கேட்டா, ‘நாம எப்பப்பா நம்ம ஊருக்குப் போவோம்’னு. நான் என்ன சொல்லட்டும்?”

வேதமுத்து தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஏழு. பார்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இடது மணிக்கட்டின் மேல் வலது கையை வைத்து மூடிக்கொண்டார்.

“சொல்லியிருப்பேன்,” என்றார் கடைசியில். “கோவம் வந்தா இன்னா பேசறேன்னு எனக்கே தெரியாது. ஆனா அத்த ஒரு கொழந்த கேட்டுகினு இருந்துச்சின்னு இன்னைக்குத்தான் தெரியும். தப்பு, தம்பி. பெரிய தப்பு.”

ராகவன் எதிர்பார்த்தது இதுவல்ல. ஒரு சண்டைக்குத் தயாராக வந்து நின்றவர் போல, வைத்திருந்த அடுத்த நாலு வார்த்தைகளை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

“வாங்க சார். எத்தனை மணிக்குள்ளன்னு சொன்னீங்க?”

“பத்து முப்பத்து நாலு.”

“அப்ப நேரம் இல்ல. வாங்க.”

அதற்குப் பிறகு ராகவனை நிறுத்த முடியவில்லை. இரண்டு இரண்டு படியாக ஏறினார். தொட்டி, மாடிப்படி அறையின் கூரை மேல் பத்தடி உயரத்தில் இருந்தது. பழைய சாமான்களுக்கு அடியிலிருந்து இரும்பு ஏணியை உருவி, இழுத்து வந்து சாத்தப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“போர்வ வாணாம் தம்பி. நான் ஏறுறேன். மெதுவா போனா அதுங்களே எழுந்து கூண்டுக்குப் போயிடும்.”

“உங்களுக்கு எவ்வளவு வயசு சார்?”

“அம்பத்தேழு.”

“கீழ நில்லுங்க. இது என் தொட்டி. இதுல எங்க கால் வைக்கணும்னு எனக்குத் தெரியும்.”

மேலே ஏறினார். புறாக்கள் இரண்டும் அவரைப் பார்த்தன. ராகவன் போர்வையை விரித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை மூடி மேல் வைத்தார். ஏழு வருஷ வெயிலைத் தாங்கிய மூடி அது. அப்பளம் மாதிரி உடைந்தது. ராகவனின் வலது கால் இடுப்பு வரை தண்ணீருக்குள் போயிற்று. உதறிய இடது காலில் பட்டு ஏணி சரிந்து, மாடித் தரையில் பெரும் சத்தத்துடன் விழுந்தது.

புறாக்கள் எழும்பின. ஏரி மேல் அகலமாக ஒரு வட்டம் போட்டன. பெட்டை முன்னால், அறுநூற்றுப் பன்னிரண்டு பின்னால். திரும்பி வந்து, வேதமுத்துவின் கூண்டுப் பலகையில் பதவிசாக இறங்கின. பெட்டை தலையால் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டு ஒரு நொடி நின்று, அதுவும் உள்ளே போயிற்று. கம்பிக் கதவு டக்கென்று விழுந்தது இங்கே வரை கேட்டது.

பத்து இருபத்தாறு.

வேதமுத்து படிக்கட்டை நோக்கி இரண்டடி வைத்துவிட்டார். இங்கிருந்து இரண்டு மாடி இறங்கி, தெருவில் நடந்து, இரண்டு மாடி ஏறினால், அவருக்கு நாலு நிமிஷம் ஆகும். போதும்.

“சார்,” என்று மேலேயிருந்து ராகவனின் குரல் வந்தது. “உடைஞ்ச மூடி தொடையில குத்திக்கிட்டிருக்கு. அசைஞ்சா இன்னும் உள்ள போகுது.”

வேதமுத்து நின்றார்.

“பரவால்ல சார், நீங்க போங்க,” என்றார் ராகவன். “போய் அமுக்கிட்டு வாங்க. நான் இப்பிடியே இருக்கேன்.”

கைவிரல்கள் தொட்டியின் விளிம்பைப் பிடித்து வெளுத்திருந்தன. வேதமுத்து ஏணியைத் தூக்கினார். ராணி ஓடி வந்து அடியைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஏறி, ராகவனின் இரண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து, எடையைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து அவர் வீட்டு மாடிக்கு முதுகுதான் தெரியும். அன்று முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

“செல்வி, கூண்டுக்குள்ள போ. அவன் கால்ல செவப்பு ரப்பர் கீது. கழட்டிப் பொட்டில போட்டு அமுக்கு.”

அருள்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அருள்செல்வி ஒரு புறாவையும் கையால் தொட்டதில்லை. அவளுக்கு அந்த நாற்றமே ஆகாது. இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஒரு எட்டு நிமிஷம் சும்மா நின்றால் போதும், அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அவளுடையது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

வேதமுத்து ராகவனின் காலை அங்குலம் அங்குலமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்கவில்லை. கேட்பது நியாயமில்லை என்று பட்டது.

கூண்டுக் கதவு கிறீச்சிட்டது.

“ஏங்க. எந்தக் காலு?”

“வலது.”

“கொத்துது.”

“கொத்தும். றெக்கையோட சேத்துப் புடி. நெஞ்ச அமுக்காத.”

சற்று நேரம் படபடப்புச் சத்தம் மட்டும் வந்தது. ரவிக்கைக் கொக்கியைக் கண் பார்க்காமல் தைக்கிற விரல்கள் அவளுடையவை.

“கழண்டுச்சி.”

“போடு.”

பெட்டி டக்கென்று அடித்தது.

“மணி எத்தினி?”

“பத்து முப்பத்தொண்ணு.”

வேதமுத்து ராகவனின் காலை முழுசாக வெளியே எடுத்து, அவரை விளிம்பில் உட்காரவைத்தார். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“போன வருஷத்தை விட மூணு நிமிஷம் முன்னாடி சார்,” என்றார் ராகவன்.

“ஆமா, தம்பி.”

பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு நாலு பேரும் வேதமுத்துவின் மாடியில் இருந்தார்கள். ராகவனின் தொடையில் ராணி துணி சுற்றியிருந்தாள். காயம் நீளமே தவிர ஆழமில்லை. அருள்செல்வி டீ கொண்டுவந்தாள். ராகவன் முதல் முறையாக அந்தக் கூண்டுக்குள் தலையை நீட்டி, வரிசையாக இருந்த மரப் பெட்டிகளையும், சாக்பீஸால் எழுதிய எண்களையும், மூலையில் ஜோடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அறுநூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தார்.

“இதுதானா சார்? இவ்வளவுதானா இருக்கும்?”

“நானூத்தி முப்பது கிராம்.”

“இது எப்பிடி சார் அங்கேருந்து வழி கண்டுபிடிச்சு வருது?”

“அது யாருக்கும் தெரியாது தம்பி.”

அருள்செல்வி டீக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். அவள் கட்டைவிரலில் சின்னதாக ஒரு கொத்துக் காயம்.

“கையில புடிக்கசொல்ல, அதுக்கு நெஞ்சு எப்டி அடிச்சிகினு இருந்துச்சி தெரியுமா?” என்றாள், யாரையும் பார்க்காமல். “எந்தச் சீமையிலேருந்தோ ஊட்டத் தேடிகினு வந்துகீது. மிஷின் ஹால்லியே கெடக்கட்டும். இதுங்களோட எடத்துல ஒக்காந்து என்னால தைக்க முடியாது.”

பேச்சை மாற்ற, வேதமுத்து கிளப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, கீழே போய்ப் போனை எடுத்து வந்து உயிர்ப்பித்தார். அது கையில் வெகுநேரம் அதிர்ந்தது. இருபத்து மூன்று தவறிய அழைப்புகள். எல்லாம் ஸ்ரீநாத்திடமிருந்து. புறாக்களை ஏற்றிக்கொண்டு கிளப் லாரியில் ஓங்கோல் போன ஆள் அவன்தான்.

“வேற யாருக்கும் இன்னும் வர்ல போலகீது,” என்றார் வேதமுத்து. “அத்த சொல்லத்தான் அடிச்சிகினே இருந்திருக்கான்.”

“ஸ்பீக்கர்ல போடுங்க சார்,” என்றார் ராகவன். “நாங்களும் கேக்குறோம்.”

வேதமுத்து போனை மதில் மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். ராணி அருள்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே மணியில் ஸ்ரீநாத் எடுத்துவிட்டான்.

“அண்ணாத்தே, காலையிலேருந்து அடிச்சிகினே கீறேன், எங்க பூட்ட நீ? இங்க ஓங்கோல்ல ஒரே மூட்டம், புறாங்கள இன்னும் தொறந்தே வுடல. உன் அறுநூத்திப் பன்னெண்டு மட்டும் நேத்து சாயந்திரம் நம்மூரத் தாண்டறதுக்குள்ளயே செங்குன்றத்துல டீக்கு நிறுத்தசொல்ல பொட்டியிலேருந்து நழுவிப் பூட்ச்சாம், லாரி டிரைவர் காலையிலதான் சொன்னான், ஊட்டாண்ட வந்துச்சா?”